தந்திக்காரி வந்த பேப்பர்

கெல்சென்கிர்ச்சன்
07.09.1986

அன்பின் குணேஸ்வரி அக்கா,

சுகமா இருக்கிறியளோ? நான் இருக்கிறன், மூக்குத்தான் ஒழுகுது. நீங்கள் அனுப்பின பேப்பர்ப் பக்கம் பத்திரமா வந்து சேந்துது. தலையில தொப்பியும் தோளில பையுமா, தந்திக்காரி வேசத்தில எங்கட பகிடி நடிகை கண்மணி! ஊராற்றை தந்தியெல்லாம் உடைச்சு வாசிச்சிட்டு, வீட்டுக்காரருக்கு முதல் ஒழுங்கைச் சனத்துக்கே சொல்லுறவ. டிவியில அவ வாற நாளில ஊரில எங்கட ஒழுங்கையில ஒரு பெட்டிக்கு முன்னால நாப்பது சனம் இருக்கும்.

நீங்கள் அனுப்பின படத்தையும் ஒட்டியாச்சு. இப்ப என்ர அல்பத்தில இருபத்திமூண்டு கண்மணி. ஜேர்மனியில வேற ஆரிட்டையும் இவ்வளவு இல்லை. உங்களிட்டையும் இல்லை, கோவிக்காதேங்கோ. மாத்துக்கு 1974 மேடை நாடகப் படம் ஒண்டு இதோட வைச்சிருக்கிறன். அகதிக் காம்பில பெடியள் எனக்கு விசர் எண்டுறாங்கள்.

அன்புத் தம்பி,
தவராசா

கொலோன்
21.09.1986

அன்பின் தம்பி தவராசா,

இருந்துகொண்டு வாசியும். போன கிழமை எங்கட காம்புக்கு ஒரு அம்மா வந்தவ. குசினியில சட்டி கழுவேக்கை தண்ணி வரேல்லை எண்டு பைப்பைப் பேசினா பாரும் ஒரு பேச்சு! அந்தக் குரலுக்குத் திரும்பிப் பாத்தா, ஐயோ, கண்மணியேதான்! முன்பல்லு ரெண்டு இல்லை, தலையும் நரைச்சுப்போச்சு. என்ர கையில இருந்த பால்பேணி விழுந்திட்டுது.

சங்கதி இதுதான். 83இல ஊரில ஆமிச் சோதனைச்சாவடியைப் பகிடி பண்ணி நடிச்சதுக்குக் கொலைப் பயமுறுத்தல் வந்து, நிகழ்ச்சியையே நிப்பாட்டினவை. பிறகு வீடும் எரிஞ்சது. ஒக்டோபர் 14ஆந் திகதி அவவின்ர அகதி விசாரணைக்கு டெர்மின், நாள் குறிச்சுப்போட்டினம். இதுக்கெல்லாம் என்ன அத்தாட்சி எண்டு கேப்பினம். அவவின்ர கையில ஒரு துண்டுகூட இல்லை. நான் உமக்குத் தந்த பக்கத்தில படத்துக்குக் கீழ அந்தச் செய்தி முழுசா இருக்கு, மேல பேப்பர்ப் பேரும் திகதியும் இருக்கு. உடன பதிவுத் தபாலில அனுப்பும். ஏலாது எண்டால் ஒளிக்காமச் சொல்லும். லண்டனில எங்களைப்போலப் படம் சேக்கிற ஆனந்தராசா அண்ணையிட்டயும் அதே பேப்பர் இருக்கு, அவரிட்ட எடுப்பிக்கலாம்.

அன்புடன்,
குணேஸ்வரி அக்கா

கெல்சென்கிர்ச்சன்
28.09.1986

அன்பின் அக்கா,

எங்கட கண்மணி சட்டி கழுவுறாவோ! அவவைக் குசினியில விடாதேங்கோ, நீங்கள் கழுவுங்கோ. அவ இப்பவும் பகிடி விடுறவவோ? கெல்சென்கிர்ச்சனில அவவுக்கு ஒரு ரசிகன் இருக்கிறான் எண்டு மறக்காமச் சொல்லுங்கோ.

பேப்பரை நேற்றே தபாலில போட்டிட்டன். நேரில கொண்டுவந்திருப்பன், இந்த ஊர் எல்லை தாண்ட எனக்கு அனுமதி இல்லை எண்டு தெரியுந்தானே. லண்டனுக்கு எழுதி அந்த மனிசனையும் கரைச்சல்படுத்தாதேங்கோ. நான் இருக்கிறன்.

உங்கட தம்பி,
தவராசா

கொலோன்
09.10.1986

அன்பின் தம்பி,

இன்னும் வரேல்லை. பதிவுத் துண்டில இருக்கிற நம்பரை உடன எழுதும், தபால் கந்தோரில கேக்கினம். கண்மணியக்கா நாளாந்தம் பத்து மணிக்கு வாசலில போய் நிக்கிறா. தபால்காரன் பீலிக்ஸ் தூரத்திலயே ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவான். "ஊரார் தந்தியை உடைச்ச பாவம், எனக்கு ஒண்டும் வருகுதில்லை" எண்டு எங்களைச் சிரிக்கப் பண்ணிப்போட்டு, அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துறா. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. லண்டனுக்கு இப்ப எழுதினாலும் வந்து சேராது.

குணேஸ்வரி அக்கா

கொலோன்
19.10.1986

அன்பின் தம்பி,

உம்மட பதிலைக் காணேல்லை, சுகமில்லையோ எண்டு யோசிக்கிறன். கண்மணியக்கா வெறுங்கையோடதான் போனவ. நடிகை எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேக்க, எழும்பி நிண்டு தந்திக்காரியை நடிச்சுக் காட்டினாவாம். மொழிபெயர்க்க வந்தவர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். அதிகாரி மட்டும், சிரிப்பைக் கோப்பில எழுத ஏலாது, கடதாசி ஏதும் இருக்கோ எண்டு கேட்டாராம்.

தபாலில துலைஞ்சதுக்கு நீர் என்ன செய்யிறது? மனசைப் போட்டு உழட்டாதையும். நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்புடன்,
அக்கா

கெல்சென்கிர்ச்சன்
02.11.1986

அக்கா,

"நேரத்துக்குச் சாப்பிடும்" எண்டு எழுதியிருக்கிறியள். அதுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை.

நான் ஒண்டும் அனுப்பேல்லை. அனுப்பிறதுக்கு என்னட்ட ஒண்டும் இருக்கேல்லை. உங்கட பக்கம் வந்த அண்டைக்கே, அல்பத்தில வடிவா வரட்டும் எண்டு கண்மணியக்காவின்ர முகத்தைச் சுத்தி வட்டமா வெட்டிப்போட்டன். செய்தி, திகதி, பேப்பர்ப் பேர் எல்லாம் குப்பைவாளிக்குள்ள போயிட்டுது. இருபத்திமூண்டையும் அப்பிடித்தான் வெட்டி வைச்சிருக்கிறன். ஒண்டிலயாவது அவவைப்பற்றி என்ன எழுதினவங்கள் எண்டு நான் வாசிச்சதில்லை.

நீங்கள் கேட்ட உடன ஒரு வரி எழுதியிருந்தா லண்டன் பேப்பர் வந்து சேந்திருக்கும். இவனெல்லாம் ஒரு ரசிகனோ எண்டு நினைப்பியள் எண்டு வெக்கப்பட்டு, போட்டிட்டன் எண்டு எழுதிப்போட்டன். பிறகு நம்பர் கேட்டியள். ரெண்டு நாள் பேனையைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தன், எழுத வரேல்லை. குற்றமில்லாத தபால்காரனையும் கள்ளனாக்கிப்போட்டன். என்ர மூஞ்சையைக் கண்ணாடியில பாக்கவே அருவருப்பா இருக்கு அக்கா.

இதை அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவ என்னைப் பேசட்டும்.

தவராசா

கொலோன்
30.11.1986

தவராசாவுக்கு,

கண்மணியக்காவின்ர விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டினம். லண்டன் பேப்பரை இப்ப எடுப்பிச்சு, மேன்முறையீட்டுக்கு வக்கீலிட்டக் குடுத்திருக்கிறன். இதை விசாரணையிலயே ஏன் காட்டேல்லை எண்டு கேப்பினமாம், என்ன சொல்லுறது எண்டு வக்கீல் என்னைக் கேட்டார்.

நீர் சொன்னபடி கடிதத்தை அவவுக்கு வாசிச்சன். எறியப்போறா எண்டு நினைச்சன், சிரிச்சா. இங்க வந்ததுக்கு முதல்தரமா, பல்லில்லாத வாயைக் கையால மறைக்காமச் சிரிச்சா. "என்ர முகத்தை வைச்சுக்கொண்டு மிச்சத்தை எறிஞ்சிட்டானோ? அந்தப் பெடியனைப் பேசாதை பிள்ளை. பாத்துச் சிரிச்ச சனம் எல்லாம் அதைத்தானே செய்தது" எண்டா. சொல்லிக்கொண்டிருக்கேக்கையே அழுதுபோட்டா. எனக்கு அவவின்ர கையைப் பிடிக்கக்கூட வெக்கமா இருந்தது. அவவின்ர பல்லு எப்பிடிப் போனது எண்டு ரெண்டு மாதமா நானும் கேக்கேல்லை.

நீர் இன்னொரு கடிதம் போட்டா நான் இரங்கிப்போவன், என்ர புத்தி எனக்குத் தெரியும். அவவை இங்க இருக்க விடுகினமோ, திருப்பி அனுப்புகினமோ எண்டு முடிவு தெரியிறவரைக்கும் எனக்கு எழுதாதையும்.

குணேஸ்வரி