ஆயுத பூஜையில் காட்டிய கருவி

வியாழன், இரவு

அண்ணனின் காப்புரிமையைக் கெடுத்தது நான்தான். டீ எஸ்டேட் பேக்டரியில் பிட்டராக இருக்கும் அவன், இலை அரைக்கும் மெஷினில் சிக்கும் கொழுந்தைத் தானே தள்ளிவிடும் கருவி ஒன்றை லீவு நாட்களில் செய்தான். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் வைத்து எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினான். நான் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இன்று அண்ணனோடு போனபோது வக்கீல் அந்த வீடியோவைப் பார்த்தார்.

"விண்ணப்பம் கொடுக்கும் முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டீங்களே தம்பி, இனிக் கிடைக்காது. கவர்மெண்ட் அறிவிச்ச கண்காட்சியில காட்டியிருந்தா, விண்ணப்பிக்க ஒரு வருஷம் டைம் உண்டு."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"சாமி முன்னால காட்டினா மட்டும் தப்பா சார்? நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்து யாராச்சும் இதைச் சொன்னீங்களா? சொல்லுங்க!"

அவர் பைலை மூடி அண்ணனிடம் நீட்டினார்.