தையல் வெளியே இருக்கும் சட்டைகள்

என்னங்க,

பாப்பாவின் சட்டைகளை அனுப்பியிருக்கிறேன். தையல் வெளிப்பக்கம் தெரியும்படி நானே தைத்தவை. யார் சிரித்தாலும் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். உரசினால் தோல் தடித்துவிடும். குளிப்பாட்டியதும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

நீங்கள் வெளியூர் வேலைக்குப் போன பிறகு வந்தது இந்தத் தோல் கோளாறு. போனில் சொன்னால் பதறுவீர்கள் என்று மறைத்தேன். என் தப்பு அது ஒன்றுதான்.

ஊரிலிருந்து வந்ததும் அவள் முதுகைப் பார்த்துவிட்டு, "பெத்த பிள்ளைய இப்படியா அடிப்பே?" என்றீர்கள். டாக்டர் எழுதிய சீட்டை எடுக்க உள்ளே ஓடினேன். அதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். பின்னால் நான் கொடுத்தனுப்பிய அந்தச் சீட்டைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீர்கள்.

மத்தியானம் தூங்கப் போகும்போது, "முதுகு தடவி விடும்மா" என்பாள். தினமும் மனசைக் கல்லாக்கிக்கொள்வேன். நீங்கள் வந்த அன்றைக்கு முடியவில்லை. தடவினேன், அவ்வளவுதான்.

இன்று உங்களிடம் கேட்பாள். ஒரே ஒரு முறை தடவிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துச் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். பயப்படாதீர்கள், அரை மணியில் மறைந்துவிடும். மறைவதற்குள் அந்தக் கோடுகளின் மேல் உங்கள் விரல்களை வைத்துப் பாருங்கள்.

வாசல் கதவை நான் தாழ் போடவில்லை.

உங்கள் மகளைப் பெற்றவள்