என் பெயரில் நான்கு தறி

மார்ச் 1, 1974

நேற்றைய பட்ஜெட்டை இன்று பேப்பரில் முழுதும் படித்தேன். பற்றாக்குறையாம், மறுபடியும் வரியாம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, நாம மூணு முதலாளி" என்று சிரித்தார். எரிச்சலாக வந்தது. நான்கு தறிக்கு மேல் போகாத சின்ன நெசவாளிக்குத்தான் வரிச் சலுகை. எங்கள் கொட்டகையில் ஓடுவது பன்னிரண்டு விசைத்தறி. காகிதத்தில் அப்பாவுக்கு நான்கு, அண்ணன் குருநாதனுக்கு நான்கு, எனக்கு நான்கு. என் தறித் துணி என்ன விலைக்குப் போகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 5

தறி நாடாவுக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கும் பேச்சியக்கா வாரத்துக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டாள். மண்ணெண்ணெய் ஏறிவிட்டதாம். அப்பா சொல்கிறார்: "சர்க்காருக்கே பத்தலையாம், நான் எங்கிட்டுப் போவேன்?"

அவள் வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அவளை மூன்று பேராகப் பிரித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்?

மார்ச் 12

நாளை கலால் இன்ஸ்பெக்டர் வருகிறார். கொட்டகையை மூன்றாகக் காட்ட வழக்கம்போல் உள்ளே இரண்டு ஓலைத் தட்டி எழும்பிவிட்டது. பரணிலிருந்து மூன்று பெயர்ப்பலகை இறங்கின. என் பெயர் போட்ட 'கோமதி டெக்ஸ்டைல்ஸ்' மீது எலிப்புழுக்கை.

"ஏட்டி, கேட்டா ஒன் தறின்னு மட்டும் சொல்லு" என்றான் அண்ணன்.

உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு அபராதம். சொல்லாவிட்டால் — நான் என்ன, பலகையா?

மார்ச் 13

"இந்த நாலும் யாருதும்மா?"

"என்னுது சார்."

"கூலி யார் குடுக்கது?"

அப்பாவைப் பார்த்தேன். "நான்தான். சனிக்கிழமைதோறும்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 16, சனிக்கிழமை

தட்டியைப் பிரிக்க வந்த அண்ணனிடம், "என் பக்கம். இருக்கட்டும்" என்றேன். "முதலாளியம்மாவப் பாரு!" என்றான். அப்பா கத்தினார். நான் கத்தவில்லை — இல்லை, நானும்தான் கத்தினேன். "அப்ப கோமதிக்குத் தறியே இல்லன்னு கலால் ஆபீசுக்கு எழுதிக் குடுங்க. நானே தபால்ல போடுதேன்!"

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணி விற்ற பணத்தில் என் பங்கை எண்ணி வைத்தார். என் நான்கு தறிக்கும் நானே கூலி கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட பொய்யை மெய்யாக்க வேறு வழி தெரியவில்லை. பேச்சியக்காவுக்கு ஒரு ரூபாய் கூட. "ஐயா ஏச மாட்டாவளா?" என்று கேட்டுக்கொண்டே முந்தியில் முடிந்தாள்.

ஏப்ரல் 9

தட்டி நிற்கிறது. இன்று அப்பா அதற்கு அந்தப்புறம் நின்று தொண்டையைச் செருமினார்.

"கோமதி, எம் பக்கம் நூல் தீந்துபோச்சு. ஒரு கட்டு எடுத்துக்கிடட்டா?"

கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.