தெற்குக் கூரைக்கு இரண்டு கையெழுத்து

4 செப்டெம்பர் 2005, ஞாயிறு

கூரையை அளந்தோம். நான் ஏணியில், மகள் தேனுஜா கீழே நாடாவின் மற்ற முனையில். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஞாயிறு காலையில் தகப்பனுக்கு நாடா பிடிப்பதைவிட வேறு நூறு வேலை இருக்கும். முகத்தில் அது எழுதியிருந்தது, ஆனாலும் பிடித்தாள். தெருவைப் பார்த்த தெற்குப் பக்கம் எட்டு மீற்றர் நாற்பத்துமூன்று. மரம் மறைக்காது, மாடி மறைக்காது. இப்படி ஒரு கூரை ஜேர்மனியில் வாய்ப்பது பாக்கியம். இருபத்துநாலு சோலார் பலகை தாராளமாக அடங்கும். எல்லாவற்றையும் நானே பூட்டுவதாகத் திட்டம்.

கமலா உள்ளே லண்டனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா கனகவல்லி அங்கே கடை வைத்திருக்கிறாள். நான் ஏணியால் இறங்கியதும் வழக்கமான கேள்வி வந்தது. "அக்கா கேக்கிறா, நாங்கள் எப்ப அங்க வந்து இருக்கப்போறம் எண்டு. நான் என்ன சொல்ல?"

லண்டனில் போய் இருக்க வழிவிடும் ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்த நாளிலிருந்து இந்தக் கேள்விதான். தெரிந்த குடும்பங்களில் பாதி லண்டனுக்குப் போய்விட்டது. "பொறு, முதல்ல இந்த அளவை எழுதவேணும், மறந்துபோம்" என்றேன்.

10 செப்டெம்பர், சனி

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. மற்ற இடங்களில் கூரையில் பலகை பூட்ட யாரையும் கேட்கத் தேவையில்லையாம். எங்கள் வீடு மட்டும் பழைய நெசவாலைக் குடியிருப்பில் இருக்கிறது. தெரு முழுவதும் பாதுகாக்கப்பட்ட இடம், ஓட்டின் நிறத்தை மாற்றுவதற்கும் நகரசபைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடவேண்டும். நில வரைபடம், தெருப்பக்கத் தோற்றம், கூரையின் வெட்டுமுகம், மூன்றும் கீறிக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

மின் இணைப்பைச் செய்து தரப்போகிறவன் வின்சன்ற். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷன், எனக்குத் தம்பி மாதிரி. "அண்ணை, கீறுறதுக்கு ஆளைப் பிடியுங்கோ" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினேழு வருடமாக லேத் மெஷினில் நிற்கிறேன். வரைபடம் பார்க்காமல் நான் ஒரு இரும்பைத் தொட்டதில்லை. வீடு என்ன, பெரிய இரும்பு.

வருட முடிவுக்குள் இணைத்துவிட்டால் நாங்கள் விற்கும் மின்சாரத்துக்கு இன்றைய விலையே இருபது வருடத்துக்கு உறுதி. இருபது வருடம்! அதை நினைக்கும்போது மனதுக்குள் ஒரு நிம்மதி. ஏன் என்று தெரியவில்லை.

25 செப்டெம்பர், ஞாயிறு

சாப்பாட்டு மேசை இரண்டு கிழமையாக என் வரைபடத் தாள்களின் கையில். கமலா கோப்பைகளை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டாள். "கூரைக்குப் பலகை பூட்டமுதல் எங்களுக்கு ஒரு பலகை வாங்கித் தாங்கோ, வைச்சுச் சாப்பிட" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

26 செப்டெம்பர், திங்கள்

வீட்டின் இடது பக்கம் வலது பக்கத்தைவிட நாலு சென்ரிமீற்றர் தாழ்வு. திரும்ப அளந்தேன். அதே நாலு. ஆறு வருடமாகச் சாய்ந்த வீட்டில் இருந்திருக்கிறேன், நித்திரையும் வந்திருக்கிறது.

13 ஒக்டோபர், வியாழன்

நகரசபையில் டெர்மின், சந்திக்க நேரம் தந்திருந்தார்கள். அனுமதிப் பகுதி அதிகாரி லிண்ட்னர் அம்மா என் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லா அளவையும் நான் மில்லிமீற்றரில் போட்டிருந்தேன். கூரை நீளம் 8430, கூட்டல் கழித்தல் அரை மில்லிமீற்றர். "இது வீடு, பல்சக்கரம் இல்லை" என்றார். கட்டட வரைபடத்தை மீற்றரில்தான் போடவேண்டுமாம். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. மற்றப்படி கீறல் சுத்தம் என்று சொன்னார். அதைக் கேட்டு உச்சி குளிர்ந்திருந்த நேரத்தில் அன்ட்ராக்கின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. உங்கள் மனைவியின் கையெழுத்து எங்கே?"

பெண்ணுக்கு வீடு இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால்தான் வாங்கும்போது அவள் பெயரையும் போட்டேன். புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த எல்லோருக்கும் நானே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் அந்தப் பெயர் ஒரு நாள் எழும்பி நின்று கேள்வி கேட்கும் என்று நினைக்கவில்லை.

"மனைவிக்குச் சம்மதம்தானே?" என்றார். "ஓ, அவவுக்குச் சந்தோஷம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

14 ஒக்டோபர், வெள்ளி

பள்ளிக்கூடக் கடிதங்களில் அவளுக்குப் பதிலாக நான்தான் கையெழுத்து வைப்பது. அவள் வேலையால் வரப் பிந்தும், பிள்ளைக்கு அவசரம். இன்றைக்கும் பேனையை எடுத்தேன். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்தேன். அச்சொட்டாக வந்தது. பிறகு ஒரு சந்தேகம். இது அவள் வைக்கும் கையெழுத்தா, அவளுக்காக நான் வைத்து வைத்துப் பழகியதா? அவளுடையது எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

தேனுஜா பின்னால் நின்றிருக்கிறாள். "அப்பா, அம்மா பக்கத்து அறையிலதானே இருக்கிறா. கேளுங்கோவன்."

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம். என் மடியில் என்ன கனம்?

16 ஒக்டோபர், ஞாயிறு

கேட்டேன். வரைபடத்தை விரித்துவைத்து, வெயிலின் கோணம், பலகையின் நிறம் எல்லாம் விளக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன்.

"இது எத்தினை வருசத்துக்கு?"

"இருபது."

"அப்ப எனக்கு அறுபத்தாறு." பேனையை மேசையில் வைத்தாள். "நான் வைக்கமாட்டன்."

"ஏன் கமலா? நல்ல விசயம்தானே..."

"நல்ல விசயம்தான். ஆனா நான் மூண்டு வருசமாக் கேக்கிறன். லண்டன் வேண்டாம் எண்டு நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை. ஓம் எண்டும் சொல்லேல்லை. கூரையில ஏறினீங்கள்."

எழும்பிப் போய்விட்டாள். குசினியில் கோப்பை கழுவும் சத்தம். கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

17 ஒக்டோபர்

கதைக்கவில்லை.

23 ஒக்டோபர், ஞாயிறு

என்ன கேட்டுவிட்டேன்? குடிக்கிறனா, கூத்தாடுறனா? இந்த வீட்டுக்கு நிறம் அடிச்சது ஆர், நிலத்துக்கு ஓடு பதிச்சது ஆர்? ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே!

வின்சன்றிடம் போய்க் கொட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அண்ணை, கோவிக்காதேங்கோ. இதை நீங்கள் வீட்டில அக்காட்டைக் கேட்டது முதல்லையோ, எல்லாம் கீறி முடிச்ச பிறகோ?" என்றான்.

தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அவனோடும் கோபம்.

1 நவம்பர், செவ்வாய்

விடுமுறை. வீடு அமைதி. யோசித்துப் பார்க்கிறேன். தொழிற்சாலையில் எனக்கு உருத்திரமூர்த்தி என்ற பெயர் இல்லை, ரூடி. துருக்கிக்காரன் கூப்பிடுவான், போலந்துக்காரன் கூப்பிடுவான், ஆளுக்கொரு பகிடி. கமலா வயோதிபர் இல்லத்துச் சலவை அறையில் நிற்கிறாள். பெரிய மெஷின்கள், காது அடைக்கும் இரைச்சல். அங்கே அவள் என் பெயரால் 'உருத்திரமூர்த்தி அம்மா'. அவளை அவளுடைய பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் நான் ஒருவன்தான். நானும் எத்தனை தரம் கூப்பிடுகிறேன்? எனக்கு ஊர் பிடித்துப்போனதால் அவளுக்கும் பிடித்துவிட்டது என்று எப்படி முடிவு கட்டினேன்?

பின்னேரம் அவளிடம் கேட்டேன், அங்கே போய் என்ன செய்வாய் என்று. "அக்காவின்ர கடையில நிப்பன். கணக்குப் பாப்பன். சண்டை பிடிப்பன். கதைப்பன்" என்றாள். கடைசிச் சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

28 டிசம்பர், புதன், லண்டன்

கனகவல்லி வீட்டில் நிற்கிறோம். போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் சொன்னேன். குளிர், நெருக்கடி, சின்னச் சின்ன வீடுகள், எங்கும் தூசி. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காததை எல்லாம் மனதுக்குள் பட்டியல் போட்டபடி கடைக்குள் போனேன். கமலா கல்லாவில் நின்றாள். முருங்கைக்காய் முற்றல் என்று சொன்ன ஒரு மனிசியோடு வாதாடி, வென்று, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். கதவடியிலேயே நின்றுவிட்டேன். பெரிய வெட்கமாக இருந்தது.

வருடம் முடிகிறது. இந்த வருட விலை போய்விட்டது. போகட்டும்.

8 ஜனவரி 2006, ஞாயிறு

"போவம்" என்று சொன்னேன். "தேனுஜா பத்தாம் வகுப்பை முடிக்கட்டும். பிறகு வித்துப்போட்டுப் போவம்."

கமலா என்னை உற்றுப் பார்த்தாள். "மனசாரச் சொல்லுறியளோ, கோவத்திலையோ?"

"ரெண்டும் இருக்கு."

"அப்ப சரி" என்றாள். பொய் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

தேனுஜா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சிநேகிதிகள் எல்லாம் இங்கே. கூரையைப் பற்றி இரண்டு பேர் முடிவெடுக்க, மூன்றாவது ஆளுக்கும் கேள்வி இருக்கிறது என்பதை மறுபடி மறந்திருக்கிறேன். கமலாதான் உள்ளே போய் நெடுநேரம் இருந்தாள். ஏ-லெவல் மேல்வகுப்பை அங்கே படிக்கலாம், விடுமுறைக்கெல்லாம் இங்கே வரலாம் என்று ஒரு உடன்பாட்டோடு வந்தாள்.

22 ஜனவரி, ஞாயிறு

விற்கப்போகும் வீட்டுக்கு வரைபடம் கீறும் பைத்தியம் உலகத்தில் நான் ஒருவன்தான். ஆனாலும் அரைகுறையாகக் கிடந்த தாள் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. எல்லாவற்றையும் மீற்றரில் திருப்பிக் கீறினேன். நாலு சென்ரிமீற்றர் சாய்வையும் மறைக்காமல் போட்டேன்.

கமலா வந்து பக்கத்தில் இருந்தாள். கேளாமலே அன்ட்ராக்கை இழுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தாள். முழுப் பெயரும், ஆறுதலாக. என் கள்ளக் கையெழுத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இவ்வளவு நாள் மினக்கெட்டுக் கீறினியள். இந்த வீட்டுக்கு வாறவைக்காவது உதவட்டும்."

9 மார்ச், வியாழன்

நகரசபையிலிருந்து கூரைக்கு அனுமதி வந்தது. பலகைகளுக்குக் கறுப்பு நிறச் சட்டம், ஓட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. நானே தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

14 மே, ஞாயிறு

வீடு பார்க்க ஒரு இளம் சோடி வந்தது. பெடியனுக்கு வரைபடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தான். இதே மாதிரிப் பூட்டலாமா, நீங்கள் கீறியதை நாங்கள் பாவிக்கலாமா என்று கேட்டான். "தாராளமாக" என்றேன். வயிறு எரிந்தது. இருந்தாலும் பலகை தாங்கும் கொழுக்கியை எந்தக் கூரை வளையில் பூட்டவேண்டும், எதில் பூட்டக்கூடாது என்று ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தேன். கமலா கோப்பி கொண்டுவந்தவள் போகாமல் நின்று என்னையே பார்த்தாள்.

23 ஜூன், வெள்ளி

தெருவெல்லாம் உலகக் கிண்ண உதைபந்தாட்டக் கொடிகள். பத்திரம் பதியும் நோட்டாரின் அறையில் மட்டும் தூங்கி விழும் அமைதி. வீட்டு விற்பனைப் பத்திரத்தை அவர் சட்டப்படி முதலிலிருந்து கடைசிவரை உரத்து வாசித்தார். வாங்குகிற இருவரும் கைகோத்துக்கொண்டு இருந்தார்கள். வாசித்து முடித்து, பத்திரத்தைக் கமலாவின் பக்கம் தள்ளினார்.

அவள் பேனையை எடுத்தாள். கையெழுத்து வைக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு ஓமோ? இல்லையெண்டால் இப்ப சொல்லுங்கோ, எழும்பிப் போவம்."

சும்மா கேட்கவில்லை. பேனையின் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நோட்டார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எட்டு மீற்றர் நாற்பத்துமூன்று என்று மனம் ஒருமுறை சொன்னது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தாள்.