போர்வை அறுத்த கயிறு

ஞானம்,

ஈரப் போர்வையைக் காயப்போட்டு என் பெயிண்ட் வேலைக் கயிற்றை அறுத்துவிட்டாய் என்று நேற்று கத்தினேன். காலையில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நார் எல்லாம் இற்றுக் கிடக்குது. அதில்தான் மாப்பிள்ளை இன்றைக்கு ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடியிலிருந்து பலகை கட்டித் தொங்க இருந்தார். போர்வை விழுந்ததோடு போச்சு.

முடிச்சுப் போட்டால் தாங்கும் மாமா என்பார். நம்பாதே. அதனால்தான் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறேன். கடைக்காரன் பேச்சையும் நம்ப முடியாது. தாம்பரத்தில் நானே தொங்கிப் பார்த்துப் புதுசு வாங்கி வருகிறேன். அதுவரை அவரை விடாதே. மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடு, எழுந்திருக்க மாட்டார்.

தாவீது

போர்வையை அலசிச் சுவர்மேல் போட்டிருக்கேன்.

திட்டினது தப்புதான். இந்தச் சீட்டை மாப்பிள்ளை கண்ணில் காட்டாதே.