படகில் காய்ச்சிய பால்

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். பொங்கி வழிந்து கருகின பிறகுதான் மூக்குக்கு உறைத்தது. "ஏன் ஆத்தா, பக்கத்துலயே நின்னுக்கிட்டு பாலைத் தீய விட்டியா?" என்று மகள் ஓடிவந்தாள். நான் சிரித்துவிட்டேன். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்தத் தீய்ந்த வாசனை உங்கள் படகின் வாசனை என்று அவளிடம் எப்படி விளக்குவது? அதனால்தான் அவள் அப்பாவான உங்களுக்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் ரங்கூன் கடையை மூடிவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பினீர்கள். வந்தும் உங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சில வருஷம் போனதும் ஒருநாள், கோட்டைப்பட்டினத்தில் ஒரு மரைக்காயரிடம் பழைய பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கப்போகிறேன் என்றீர்கள். திருமயம் பக்கத்தில் நம் ஊரில் இருப்பதோ ஓர் ஊருணி. "ஊருணியிலயா விடப்போறீக?" என்று கேட்காத ஆள் இல்லை. சரக்கு ஏற்றவா, மீன் பிடிக்கவா என்று உங்கள் அண்ணன் குடைந்தார். "ரெண்டுக்கும் இல்ல. சும்மா கரையோரமா ஊர் ஊராப் போயிட்டு வரத்தான்" என்றீர்கள். அவருக்கு அது பைத்தியக்காரத்தனம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் கவலை வேறு. நீங்கள் ரங்கூனுக்குக் கப்பலேறப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் நான் வாசலோடு நின்றுவிடுவேன். துறைமுகம் வரை வழியனுப்ப ஆண்கள்தான் வருவார்கள். வருஷக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவீர்கள். கரை மறையும்போது எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "என்ன இருக்கும், தண்ணிதான் இருக்கும்" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை விட்டுப் போன இடம் எப்படிப்பட்டதென்று தெரிந்துகொள்ளக் கூட எனக்கு உரிமை இல்லையா? அந்தப் படகில் எப்படியாவது ஏறிப் பார்த்துவிடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

படகுக்குக் கூரை உண்டா, கூரை உண்டா என்று நான் உங்களை நச்சரித்தேனே, நினைவிருக்கிறதா? நடுவில் ஓலைக் கூண்டு இருக்கிறது, நாலு பேர் படுக்கலாம் என்றீர்கள். எனக்கு அது போதும். கிரயம் முடிக்கிற நாளில் பித்தளைப் பால்பானை, ஒரு செம்புப் பால், வெல்லம், விறகு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் கூடையில் கட்டிக்கொண்டு உங்களுக்கு முன்னால் பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கோட்டைப்பட்டினக் கரையில் அந்தக் கூடையைப் பார்த்ததும் உங்கள் அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம வீட்டுப் பொம்பளைக கடல்ல கால் வச்ச வழக்கமே கெடையாது" என்றார். அவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமும் எனக்குக் கிடையாது. உங்களைப் பார்த்தே பதில் சொன்னேன். "கூரை இருந்தா அது வீடு. புது வீட்டுல பால் காய்ச்சாம எப்படிக் குடி போறது? பாலை ஆம்பளையா காய்ச்சுவாக?" அவர் எந்த வழக்கத்தைச் சொல்லி என்னை நிறுத்தப் பார்த்தாரோ, அதே வழக்கம்தான் என்னை ஏற்றிவிட்டது. நீங்கள் வேட்டி நுனியால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்தீர்கள்.

மரைக்காயர் பெரிய மனுஷர். படகில் பால் காய்ச்சுவதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் மணல் நிரப்பிய தகரப்பெட்டி அடுப்பைக் காட்டினார். "இங்கிட்டு படகோட அடி தரை தட்டிக்கிட்டே இருக்கும் ஆச்சி, பானை நிக்காது. கொஞ்சம் உள்ளே போயிருவோம்" என்று உங்களைப் பாயை அவிழ்க்கச் சொன்னார். நான் கேட்காமலே கிடைத்த வரம் அது. அண்ணன் "நான் கரையிலயே இருக்கேன்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தேன். கரையில் அண்ணன் வெள்ளை வேட்டியாகத் தெரிந்தார். அப்புறம் ஒரு புள்ளி. அப்புறம் அதுவும் இல்லை. பனைமரங்கள் கோடாகி, கோடும் கரைந்தது. இதுதானா, இவ்வளவுதானா என்று நான் எல்லாப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். சந்தையில் காணாமல் போன பிள்ளை மாதிரி உங்கள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவாச்சும் சொல்லுங்க, அன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கரை இருந்த பக்கம் பார்த்தபடி சொன்னீர்கள். "பயமா இருந்துச்சு. கரை போனப்புறமும் அந்தத் திக்கையே பாத்துக்கிட்டு நின்னேன். என்ன தேடுறீகன்னு பக்கத்துல நின்னவரு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நின்னேன். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷமா? "ஆச்சி, பால்!" என்று மரைக்காயர் கத்தினார். திரும்புவதற்குள் பால் பொங்கி மணலெல்லாம் ஓடிக் கருகி, படகு முழுக்க அந்த வாசனை. மிச்சத்தில் வெல்லம் போட்டு மூவரும் குடித்தோம். மரைக்காயர் தம்ளரை வைத்துவிட்டுச் சுக்கானை விட்டு எழுந்தார். "இனி ஒங்க படகு. நீங்களே கரைக்குக் கொண்டுபோங்க" என்றார். எழுதிக் கொடுத்ததெல்லாம் காலையிலேயே முடிந்திருந்தது. ஆனால் அது நம் படகானது அந்த நிமிஷத்தில்தான்.

கரையில் அண்ணன் முதலில் கேட்டது, "எந்தத் திக்குல பொங்குச்சு?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எல்லாத் திக்குலயும்" என்றீர்கள்.

அந்தப் படகில் அதன்பிறகு தொண்டிக்கும் அம்மாபட்டினத்துக்கும் எத்தனையோ தரம் போனோம். படகும் போய்விட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். போன இடம் எப்படி இருக்கிறது என்று கேட்க என் வாய் துடிக்கிறது. கேட்டால் தண்ணிதான் இருக்கிறது என்பீர்கள். இனி அதை நம்பமாட்டேன். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.