மேசையில் கேட்ட கேள்வி

அன்புள்ள அண்ணா,

நீ அனுப்பிய மலர்கள் வந்தன. தண்ணீரில் வைத்திருக்கிறேன்.

மேஜர் தோர்னைக் கொன்றது என் கணவர்தான் என்று நீ கண்டுபிடித்ததில் பிழை இல்லை. லண்டன் பத்திரிகைகள்கூட உன் மூளையைப் புகழ்ந்தன. ஆனால் அந்த ஞாயிறு மதியம், மடியில் நாப்கினை விரித்தபடி, "ஹ்யூபர்ட் கோட்டு இன்னும் காயலையாம்மா?" என்று கேட்டாய். அண்ணன்தானே கேட்கிறான் என்று, "ராத்திரி சொட்டச் சொட்ட வந்தாருண்ணா, எப்படிக் காயும்?" என்று சிரித்தேன். கொலை நடந்த அந்த முந்தின இரவு வெளியே போகவே இல்லை என்று அவர் போலீசிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த அவர் கத்தி பாதியில் நின்றது.

கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி கோர்ட்டில்கூட மனைவியைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நீ சாப்பாட்டு மேசையிலேயே சொல்ல வைத்துவிட்டாய்.

தூக்குக்கு முந்தின நாள் சிறையில் கடைசியாகப் பார்த்தபோது அவர் சிரித்தார். "உங்கண்ணன் சொன்னதெல்லாம் உண்மைதான். உன் புட்டிங் பிரமாதம்னானே, அது ஒண்ணுதான் பொய்."

வரும் ஞாயிறு சாப்பிட வா. இறைச்சி வெட்ட வீட்டில் ஆள் இல்லை, நீதான் வெட்ட வேண்டும். சாப்பிடும்போது மட்டும் என்னிடம் எதுவும் கேட்காதே.

இன்னமும் உன் தங்கைதான்